ரெண்டு மாத்திரை, ஒரு மக், ஒரு பஸ் ரூட்

தஞ்சாவூரிலிருந்து திருச்சிக்குத் தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போகிறவள் நான், வயது 51. வீட்டில் ஒரு தடவை, பஸ் ஸ்டாண்டில் ஒரு தடவை போய்விட்டு ஏறினாலும் செங்கிப்பட்டி தாண்டுவதற்குள் யூரின் முட்டிக்கொண்டு வரும். வந்தால் ரெண்டு நிமிஷம்கூட அடக்க முடியாது. துவாக்குடி வரை எந்த பங்க்கில் கழிப்பறை உண்டு என்பது எனக்கு மனப்பாடம். ஒரு நாள் பஸ்ஸிலேயே நடந்துவிட்டதை இங்கே விவரிக்கப்போவதில்லை, அன்றிலிருந்து கைப்பையில் ஒரு மாற்று பேன்ட் இருந்தது என்பதோடு விடுகிறேன்.

முதலில் பக்கத்துத் தெரு டாக்டரிடம் போனேன். யூரின் இன்ஃபெக்‌ஷன் என்று ஆன்டிபயாடிக் கொடுத்தார், குறையவில்லை என்றதும் வேறொரு ஆன்டிபயாடிக். டெஸ்ட் எதுவும் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. சிறுநீர்க் கோளாறு பார்க்கிற யூரோ டாக்டரிடம் போன பிறகுதான் யூரின் கல்ச்சர், சுகர், ஸ்கேன் எல்லாம் எடுத்தார்கள். கிருமியும் இல்லை, சுகரும் இல்லை. வயிறு முட்டத் தண்ணீர் குடிக்கவைத்து ஒரு ஸ்கேன், போய்விட்டு வந்ததும் மறுபடி ஒன்று, உள்ளே எவ்வளவு தங்குகிறது என்று பார்க்க. எனக்கு 20 மில்லிதான் தங்கியிருந்தது. நிறையத் தங்கியிருந்தால் இதற்கான மாத்திரைகளைக் கொடுக்க யோசிப்பேன் என்றார் டாக்டர், யூரின் அடைப்பே ஆகிவிடலாமாம்.

அப்புறம் மூன்று நாள் கணக்கு எழுதச் சொன்னார். என்ன குடித்தேன், எத்தனை மணிக்குப் போனேன், எத்தனை மில்லி. அளவு போட்ட பிளாஸ்டிக் மக் ஒன்றை வாங்கி, சனி ஞாயிறோடு திங்கள் லீவும் போட்டு எழுதினேன். ஒரு நாளைக்கு 13 தடவை, பெரும்பாலும் 100, 120 மில்லி. சாதாரணமாக 400 மில்லி தாங்குகிற சிறுநீர்ப் பைக்கு இது கால்வாசிதான். பை நிறையும் முன்பே அதன் தசை சுருங்கிவிடுகிறது, கோளாறு அதுதான் என்று அந்தத் தாளைக் காட்டியே விளக்கினார். காலை காபி ரெண்டிலிருந்து ஒன்றானது. அடக்கிப் பழகும் பயிற்சியும் இடுப்புத் தசைப் பயிற்சியும் மாத்திரையோடு சேர்த்தே தொடங்கின.

முதல் மாத்திரை சாலிஃபெனாசின் 5 மில்லிகிராம், தினம் ஒன்று. ஆக்சிபியூட்டினின், டால்டெரோடின், டாரிஃபெனாசின் எல்லாம் இதே குடும்பம்தான். தசையைச் சுருங்கச் சொல்லி நரம்பு அனுப்பும் சேதியை மறிக்கின்றன. தொல்லை என்னவென்றால் எச்சில் சுரப்பிக்கும் குடலுக்கும் அதே சேதிதான் போகிறது. மூன்றாவது வாரம் 13 தடவை 9 ஆகிவிட்டது, சந்தோஷம்தான். ஆனால் வாய்! மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்து இட்லியை வாயில் போட்டால் மாவு உருண்டையை மெல்லுகிற மாதிரி அப்படியே நிற்கும், தண்ணீர் குடித்தால்தான் இறங்கும், தண்ணீர் குடித்தால் திரும்ப பாத்ரூம். இது என்ன வைத்தியம் என்று சிரிப்புகூட வந்தது. மலச்சிக்கலும் சேர்ந்துகொண்டது.

இதில் என் தப்பும் ஒன்று உண்டு. ஒற்றைத் தலைவலிக்கு ராத்திரி அமிட்ரிப்டிலின் போடுகிறேன், தும்மல் வந்தால் அவில் என்ற அலர்ஜி மாத்திரை ஒன்று. ரெண்டையும் டாக்டரிடம் சொல்லவே இல்லை, அதெல்லாம் ஒரு மாத்திரையா என்ற நினைப்பு. அவையும் வாயை உலர்த்துகிறவைதான், மூன்றும் சேர்ந்தால் கேட்கவா வேண்டும். போட்டிருப்பதையெல்லாம் அட்டையோடு பையில் அள்ளிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

சாலிஃபெனாசின் டோஸை 10 ஆக்கலாம், வறட்சியும் கூடும், அல்லது மாற்றலாம் என்றார். மாற்றினோம். மிராபெக்ரான், முதலில் 25, அப்புறம் 50. இது வேறு வழி, சுருங்காதே என்று தடுப்பதற்குப் பதில் தசையைத் தளரவிடுகிறது, அதனால் வாய் அவ்வளவாகக் காய்வதில்லை. பதிலுக்கு பிரஷரைக் கவனிக்க வேண்டும். கட்டுக்கு அடங்காத பிரஷர் இருந்தால் தரவே மாட்டார்கள், மெட்டோபிரோலால் என்ற பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்றும் கேட்டார். வீட்டு மெஷினில் ஒரு நாள் 142/90 காட்டியதும் பதறிப்போனேன், மாடிப்படி ஏறி வந்த கையோடு பார்த்திருக்கிறேன். உட்கார்ந்து பார்த்தால் 130 பக்கம்தான்.

முதல் மூன்று வாரம் எதுவுமே தெரியவில்லை, காசு தண்டம் என்று நினைத்தேன். என் கடையில் இது சாலிஃபெனாசினைப் போல ரெண்டு மடங்குக்கு மேல் விலை. ஆறாவது வாரம் கணக்கு எழுதிப் பார்த்தால் 8, சில தடவை 250 மில்லிகூட. வேகம் என்று பார்த்தால் சாலிஃபெனாசின்தான் எனக்குச் சீக்கிரம் கேட்டது, நாள்பட விழுங்க முடிகிறது என்பதற்காக மிராபெக்ரான். போதவில்லை என்றால் ரெண்டையும் சேர்த்துக் கொடுப்பதும் உண்டாம், எனக்கு அது தேவைப்படவில்லை. மிராபெக்ரானை உடைக்கவோ மெல்லவோ கூடாது, முழுசாக விழுங்க வேண்டும்.

மீதியிருந்த சாலிஃபெனாசின் அட்டையைப் பார்த்துவிட்டு எங்கள் அத்தை, "எனக்கும் அதே தொல்லைதான், அதைக் குடேன்" என்றார்கள். அத்தைக்கு 78 வயது, கண் பிரஷருக்கு சொட்டு மருந்து விடுகிறவர்கள். கண் பிரஷரில் ஒரு வகை இருந்தால் சாலிஃபெனாசின் கூடவே கூடாது, வயசானவர்களுக்கு மறதியும் குழப்பமும் வேறு வரலாம். அட்டையைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, அத்தையைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போய் எந்த வகை என்று எழுதி வாங்கினேன். யூரோ டாக்டரிடம் அடுத்த வாரம் டோக்கன் போட்டிருக்கிறது. அந்த மக் இப்போது அத்தை பாத்ரூமில்.