சரிங்கய்யா

"தம்பி, நாங்க இந்த ஊழியத்துக்கு வரும்போது நீங்க பிறக்கவே இல்ல."

எங்கள் குஜராத் பணித்தளத்து இளம் மிஷனெரியிடம், எங்கள் மிஷனெரி சங்கக் கூட்டத்தில் இப்படிச் சொன்னது நான்தான். கமிட்டியில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் "சரிங்கய்யா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அந்த 'சரிங்கய்யா'தான் எட்டு மாதமாக என்னை விடவில்லை.

மேஜையில் இருந்தது எங்கள் மாதப் பத்திரிகையின் புரூஃப். குஜராத் பணித்தளத்தில் நான் எடுத்த படம். பாயில் நான்கு பெண்கள், முன்னால் எவர்சில்வர் டம்ளர்கள், ஒருத்தி கண்மூடி ஜெபிக்கிறாள். பின்சுவரில் ஒரு காலண்டர். அதன் அடியில் உரக்கடையின் பெயரும் ஊரும் குஜராத்தியில் அச்சாகியிருந்தன. அவர் விரலை வைத்தது அங்கேதான். "பேரை மாத்திட்டீங்க ஐயா. ஆனா இது ஊரையே சொல்லுதே. யாராவது வாட்ஸ்அப்ல போட்டா அன்னைக்கே அங்க போய்ச் சேர்ந்துடும். நீங்க ரயில் ஏறிட்டீங்க, அவங்க அங்கேயே இருக்காங்க."

குஜராத்தில் 2003இல் வந்த மதமாற்றத் தடைச் சட்டத்தை 2021இல் இன்னும் இறுக்கியதைப் பற்றியும் சொன்னார். ஒடிசாவில் 1967லேயே இப்படி ஒரு சட்டம் வந்துவிட்டது, அதற்குள்ளேதான் நாங்கள் வேலை செய்தோம் என்று நான் மடக்கினேன். உண்மைதான். ஆனால் 1967இல் யார் கையிலும் வாட்ஸ்அப் இல்லை. இது வீட்டுக்குப் போகும் பஸ்ஸில்தான் தோன்றியது.

என் பக்கத்து நியாயமும் இருக்கிறது. மாதம் ஐம்பது ரூபாய் மணியார்டர் அனுப்பும் சாயர்புரத்துப் பாட்டி முகத்தைப் பார்த்துத்தான் ஜெபிப்பார். முகமில்லாத பத்திரிகை வெறும் வரவுசெலவுக் கணக்கு. அந்தத் தம்பியின் சம்பளமும் அந்த ஐம்பதுகளில் இருந்துதான் போகிறது. இதையே நான் பதிலாகச் சொல்லியிருக்கலாம். வயதைச் சொன்னேன்.

ஒவ்வொரு மிஷனெரி ஞாயிறும் நான், பின்னாளில் பேராயரான அசரியாவைப் பற்றிப் பிரசங்கிப்பவன். 1910 எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில், வெள்ளைக்கார மூத்தவர்கள் நிறைந்த அரங்கில், நம் வெள்ளாளன்விளைக்காரர் எழுந்து "நண்பர்களைத் தாருங்கள்" என்று கேட்டாரே, அதை. அவருக்கு அப்போது வயது 35. எங்கள் தம்பிக்கு 33. 2016இல் ஜகார்த்தாவில் உலகளாவிய நற்செய்தி இயக்கமான லோசான் இயக்கம் இளம் தலைவர்களுக்கென்றே கூட்டம் நடத்தியபோது, அதைப் பாராட்டி எங்கள் பத்திரிகையில் எழுதியதும் நானே. எங்கள் கமிட்டியில் இளையவர் என்றால் ஐம்பத்திரண்டு வயது.

படம் வெளிவந்தது. அந்தப் பெண்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்படியானால் நான் சொன்னதுதான் சரியா? சில நாள் அப்படித்தான் தோன்றும். அவர் கடிதம் எழுதும்போதெல்லாம், "எல்லாரும் சுகம் ஐயா" என்பதை முதல் வரியாக எழுதுகிறார். அதைப் படிக்கும்போது தோன்றாது.

படத்தையே நீக்கியிருக்க வேண்டுமா என்பதில் எனக்கு இன்னும் தெளிவில்லை. ஆனால் காலண்டரை வெட்டியிருக்கலாம். அச்சகத்தில் இரண்டு நிமிட வேலை. அவர் சொன்னார் என்பதற்காகவே வெட்டவில்லை.

இந்த மாதம் அவர் அனுப்பியது ஒரு கிணற்றின் படம். வாளி, கயிறு, ஈரக் கல். ஆள் யாரும் இல்லை. போன் செய்து கேட்கலாம் என்று இரண்டு தடவை எடுத்தேன். பிறகு அதையே அட்டைக்கு அனுப்பிவிட்டேன். பாட்டியிடமிருந்து இன்னும் மணியார்டர் வரவில்லை. தேதி பத்துதான் ஆகிறது.