ஒரு ஓ ரிங்கும் பதினாலு மாதமும்

கோவையில் பம்பு செட்டுக்கு ரப்பர் சாமான் செய்யும் சின்னப் பட்டறை எங்களுடையது. இரண்டு ஹைட்ராலிக் பிரஸ், ஒரு மிக்ஸிங் மில், ஒன்பது பேர். 2023-ல் முதல்முறையாக ராணுவத்துக்கு உதிரிபாகம் கொடுத்தோம். "எப்படிப் போச்சு, நாங்களும் போடலாமா?" என்று அக்கம்பக்கத்துப் பட்டறைக்காரர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் டீக்கடையில் உட்கார்ந்து சொல்ல முடியவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன்.

டெண்டர் வரைக்கும் பெரிய கஷ்டம் ஒன்றும் இல்லை. அரசுக் கொள்முதல் தளமான ஜெம் போர்ட்டலில் பதிவு, சிறு நிறுவனத்துக்கான உத்யம் சான்று, பான், ஜிஎஸ்டி. சிறு நிறுவனம் என்பதால் முன்வைப்புத் தொகை கட்டத் தேவையில்லை. மூன்று அளவில் மொத்தம் 6,000 ஓ ரிங், அதாவது எண்ணெய் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம். சராசரியாக ஒன்று 40 ரூபாய் போட்டேன். கிடைத்துவிட்டது.

வரைபடத்தைப் பார்த்ததும்தான் வேறு உலகத்துக்குள் வந்துவிட்டோம் என்று புரிந்தது. டி-72 டாங்கிக்கான உதிரிபாகம் அது. அளவு இருக்க வேண்டிய இடத்தில் 030-035-30 என்று ஒரு எண் தொடர், அதன் வாலில் இன்னும் இரண்டு இலக்கம். கோஸ்ட் 9833-73 என்ற சோவியத் தர எண்ணின்படி எழுதியது. தண்டு 30 மில்லிமீட்டர், அது உட்காரும் துளை 35 மில்லி, ரிங்கின் தடிமன் 3 மில்லி. வாலில் உள்ளவை துல்லியத்தின் வகுப்பும் ரப்பரின் வகுப்பும். இதைப் படிக்கக் கற்றுக்கொள்ளவே எனக்கு ஒரு வாரம் ஆனது. அந்த 73 என்பது 1973. டி-72 சோவியத் ராணுவத்தில் சேர்ந்ததும் அதே வருடம். நம் ஊருக்கு எழுபதுகளின் கடைசியில் வந்து, பிறகு ஆவடியிலேயே செய்யப்பட்ட வண்டி. வரைபடத்தை வரைந்தவர் இன்று உயிரோடு இருப்பாரோ என்னவோ, அவர் சொன்ன 3 மில்லியை நான் கோவை கணபதி பகுதியில் உட்கார்ந்து செய்துகொண்டிருந்தேன்.

ஒப்பந்தம் பதினெட்டுப் பக்கம். விலை, அபராதம், பேங்க் கியாரண்டி எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். பதினோராம் பக்கத்தில் இருந்த ஒரு வரியை மட்டும் மேலோட்டமாகப் பார்த்துவிட்டுத் தாண்டினேன். ரிங்கின் இருப்பு ஆயுள், அதாவது மாட்டாமல் வைத்திருக்கக்கூடிய காலம், 7 வருடம். ராணுவக் கிடங்கான டிப்போ ஏற்றுக்கொள்ளும் நாளில் அதில் ஆறில் ஐந்து பங்கு மீதம் இருக்க வேண்டும். ஆயுளை ரப்பர் வெந்த, அதாவது பிரஸ்ஸின் சூட்டில் இறுகிய, காலாண்டின் முதல் நாளிலிருந்து கணக்கிட வேண்டும்.

7 வருடம் என்றால் 84 மாதம். அதில் ஆறில் ஒன்று 14 மாதம். அதாவது பிரஸ்ஸிலிருந்து ரிங் வெளியே வந்த காலாண்டின் தொடக்கத்திலிருந்து வடக்கே டிப்போக்காரர் கையெழுத்துப் போடுவது வரை மொத்த அவகாசம் 14 மாதம். அன்று கேட்டிருந்தால், "அட, பதினாலு மாசம் எதுக்குங்க, நாலு மாசம் போதும்" என்றுதான் சொல்லியிருப்பேன்.

முதலில் மாதிரி கொடுக்க வேண்டும். அதைச் சோதித்து, மொத்த உற்பத்திக்கு அனுமதி தருவார்கள். அனுமதி வந்த பிறகுதான் மீதியைச் செய்ய வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? மாதிரிக்கு மோல்டு ஏற்றியாயிற்று, கலவையும் கையில் இருக்கிறது, எப்படியும் பாஸ் ஆகும் என்று செப்டம்பர் கடைசி வாரத்தில் 800 ரிங்குகளைச் சேர்த்தே அடித்துவிட்டேன். மீதியை அக்டோபரில் முடித்தோம். செப்டம்பர் 27-ல் வெந்தாலும் அது 2023-ன் மூன்றாம் காலாண்டு. அதன் வயது ஜூலை 1-லிருந்து ஓடும். பிறக்கும்போதே அந்த 800 ரிங்குக்கும் மூன்று மாத வயது. நாலு நாள் கழித்து அடித்திருந்தால் கணக்கு அக்டோபர் 1-லிருந்து தொடங்கியிருக்கும்.

மாதிரிச் சோதனையில் கடினம், இழுவிசை, 100 டிகிரி அடுப்பில் 70 மணி நேரம் வைத்து எடுத்தபின் எவ்வளவு விறைக்கிறது எல்லாம் சரியாக வந்தன. எண்ணெயில் ஊறவைக்கும் சோதனையில் சிக்கல். நான் கொடுத்த லேபில் வழக்கமான ஐஆர்எம் 903 எண்ணெயில் செய்துவிட்டார்கள். வரைபடத்தில் ரஷ்ய ஹைட்ராலிக் எண்ணெயின் பெயர் இருந்தது. தரம் பார்க்கும் அலுவலகத்திலிருந்து ஒரு வரிக் கடிதம்: மீண்டும் செய்யவும். அந்த எண்ணெய்க்கு இணையானது எது, அதை யார் எழுத்தில் ஒப்புக்கொள்வார்கள் என்று கேட்டுக் கடிதம், பதில், மறுபடி கடிதம். அனுமதி கைக்கு வந்தபோது 2024 பிப்ரவரி பாதி முடிந்திருந்தது.

மார்ச்சில் ஆய்வுக்கு அழைப்பு அனுப்பினேன். ஏப்ரல் 19 தமிழ்நாட்டில் மக்களவைத் தேர்தல். வர வேண்டிய ஆய்வாளர் தேர்தல் பணிக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அப்புறம் அவர் விடுப்பு. ஜூன் இரண்டாம் வாரம் வந்தார்.

அவர் வந்த அந்த நாளைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஐம்பது வயதிருக்கும். டீ வேண்டாம் என்றார், தண்ணீர் மட்டும் கேட்டார். நேராக ரிங்குக்குப் போவார் என்று பார்த்தால், சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பம்பு செட்டுக்கான ரிங்குகளை அளவு வாரியாக ஆணியில் கோத்துத் தொங்கவிட்டிருந்தோம். எந்த ஹார்டுவேர் கடையில் பார்த்தாலும் அப்படித்தானே இருக்கும்.

"எங்க சாமானும் இப்படித்தான் தொங்குச்சா?"

"இல்லைங்க சார், அதெல்லாம் பையில போட்டு ரேக்குல இருக்கு."

"ஆணியில தொங்கினா அந்த இடத்துல மட்டும் இழுபட்டுக்கிட்டே இருக்கும். வெடிப்பு அங்கதான் முதல்ல வரும்."

ரப்பர் சாமானை எப்படி வைக்க வேண்டும் என்பதற்கு ஐஎஸ்ஓ 2230 என்று ஒரு தரநிலை இருக்கிறது. 25 டிகிரிக்கு மேல் போகாத இடம், வெயிலும் ஓசோனும் படாத இருண்ட பை, இழுபடாமல் தளர்வாக, செம்பு படாமல். எங்கள் ரிங்கின் நைட்ரைல் ரப்பருக்கு அந்தத் தரநிலை சொல்வது 7 வருடம்; ஆய்வு செய்து பார்த்தால் இன்னொரு 3 வருடம் நீட்டிக்கலாம். தகரக் கூரைக்குக் கீழே ஏப்ரல் மாதம் 25 டிகிரியை எங்கே தேடுவது? ஆபீஸ் அறையில் இருந்த ஒரே ஏசியின் கீழ்தான் நான் பெட்டிகளை அடுக்கியிருந்தேன். அதைப் பார்த்தபோது மட்டும் லேசாகச் சிரித்தார்.

அப்புறம் ட்யூப் லைட்டுக்கு நேராக ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். பெட்டிக்குள் கையை விட்டு எடுத்த ரிங்கை விரல் நுனியில் மாட்டி, மெதுவாக இழுத்து, திருப்பி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, மூக்குக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். மோல்டு சேரும் கோட்டில் நகத்தால் தடவினார். ஒன்றுக்கு அரை நிமிடம். 125 ரிங் அப்படிப் பார்த்தார். எங்கள் மோல்டர் அண்ணன் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்று, ஒவ்வொன்றையும் அவர் கீழே வைக்கும்போது மூச்சு விட்டார்.

ரிங்கில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பையில் ஒட்டிய லேபிளில் காலாண்டு போடாமல் மாதம் மட்டும் போட்டிருந்தோம். 6,000 பைக்கும் லேபிள் மாற்றச் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. ரிங் நன்றாக இருக்கிறது என்று அவரே சொல்லிவிட்டு, ஒரு தேதிக்காக இப்படிச் செய்யலாமா என்று கேட்டேவிட்டேன்.

"இது டிப்போ ரேக்குல போய் உக்காரும். அப்புறம் ஒரு பட்டறைக்குப் போகும், அங்கேயும் உக்காரும். வண்டியில மாட்டுற அன்னைக்குத்தான் இதுக்கு வேலையே ஆரம்பம். மாட்டுறவனுக்கு இந்தப் பையில இருக்கிற தேதியைத் தவிர வேற எதுவும் தெரியாது. நாளைக்கு ஆடிட்ல கேட்டா நானும் இதைத்தான் காட்டணும்."

அந்த ஆடிட் என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அன்று இரவு தேடினேன். இந்தியத் தணிக்கைத் தலைவரின் அறிக்கைகள் எல்லாருக்கும் படிக்கக் கிடைக்கின்றன. அரசியலமைப்பின் 151-ம் பிரிவுப்படி குடியரசுத் தலைவர் வழியாக நாடாளுமன்றத்துக்குப் போகிறவை. ராணுவத்தின் வெடிமருந்து இருப்பு பற்றி 2015-ல் ஒன்று, அதன் தொடர்ச்சியாக 2017-ல் ஒன்று. கடும் போருக்கு 40 நாள் கையிருப்பு வேண்டும் என்பது கணக்கு. 2013 மார்ச்சில் பாதி வகைகள் 10 நாளுக்குக்கூடக் காணாது. 2016 செப்டம்பரில் 152 வகைகளில் 61 இன்னும் அதே நிலை. வாங்கினீர்களா, பில் சரியா என்பதோடு நிற்காமல், வாங்கியது எத்தனை நாளுக்கு வரும் என்று கேட்டிருந்தார்கள். 40 ரூபாய் ரிங்குக்காக ஆய்வாளர் என்னிடம் கேட்டதும் அதே கேள்விதான். லேபிள் விஷயத்தில் என் கோபம் அன்றே போய்விட்டது.

வேறொரு கோபம் வந்தது, அது இன்னும் போகவில்லை.

லேபிள் மாற்றி, மறு ஆய்வு முடிந்து, ஆய்வுச் சீட்டு கைக்கு வந்தது ஜூலை 30. பார்சல் சர்வீஸில் ஏற்றினேன். ஆகஸ்ட் 21 டிப்போ வாசலுக்குப் போய்விட்டது, ரசீது என்னிடம் இருக்கிறது. உள்ளே பெட்டியைத் திறந்து பார்த்து ஏற்றுக்கொண்ட தேதி செப்டம்பர் 9. என் 800 ரிங்கின் 14 மாதம் ஆகஸ்ட் 31-ல் முடிந்திருந்தது. 5,200-ஐ எடுத்துக்கொண்டு 800-ஐத் திருப்பி அனுப்பினார்கள். போக்குவரத்துச் செலவு என்னுடையது.

அனுமதிக்கு முன்னால் அடித்தது என் தப்பு, மறுக்கவில்லை. ஆனால் அந்த 14 மாதத்தை யார் யார் எடுத்துக்கொண்டார்கள் என்று ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். காலாண்டுக் கணக்கில் போன மூன்று மாதமும், லேபிளில் போன ஆறு வாரமும் என்னுடையவை. எண்ணெய்க் கடிதங்களுக்கு நாலரை மாதம். அதில் பாதியை என் லேப் பெயரில் எழுதலாம். ஆய்வாளருக்காகக் காத்திருந்தது மூன்று மாதம். டிப்போ வாசலுக்கும் ரேக்குக்கும் நடுவே 19 நாள். ரப்பரின் வயதை நாள் தவறாமல் எண்ணும் ஒப்பந்தத்தில், ஆய்வுக்கு எத்தனை நாளில் வர வேண்டும், பெட்டியை எத்தனை நாளில் திறக்க வேண்டும் என்று ஒரு வரி இல்லை. ஆயுளைக் காப்பாற்ற வைத்த ஏற்பாடே ஆயுளில் ஒரு பங்கைத் தின்கிறது, அந்தப் பங்கு யார் கணக்கிலும் ஏறுவதில்லை.

புது 800 ரிங் அடித்துக் கொடுத்து, 2025 பிப்ரவரியில் முழுப் பணமும் வந்தது. தாமத அபராதம் அந்த 800 ரிங்கின் விலையில் வாரத்துக்கு அரை சதவீதம், அதாவது 160 ரூபாய். அதற்கான கடிதம் நாலு பக்கம்.

அடுத்த டெண்டரில், ஏலத்துக்கு முந்தைய கேள்வியாக இதையே கேட்டேன்: ஆய்வு அழைப்புக்குப் பிறகு ஆகும் நாட்களை ஆயுள் கணக்கில் கழிப்பீர்களா? பதில் ஒரே வரி: டெண்டர் ஷரத்துப்படி. சரி, நீங்கள் போடுவதாக இருந்தால் இருப்பு ஆயுள் எத்தனை, எந்த நாளிலிருந்து எண்ணுகிறார்கள், எந்த நாளில் நிறுத்துகிறார்கள் என்ற மூன்றையும் பார்த்துவிட்டு விலை போடுங்கள். அனுமதி வரும் முன் ஒரு ரிங்கூட அடிக்காதீர்கள்.

அந்த டெண்டரும் எங்களுக்கே வந்தது. அனுமதி வந்து சேர்ந்த நேரம் 2025 செப்டம்பர் 27, சனிக்கிழமை. முந்தின நாள்தான் சண்டிகரில் மிக்-21 விமானங்களுக்கு விடை கொடுத்திருந்தார்கள். 1963-லிருந்து 62 வருடம். ஆபீஸ் மேஜையில் அந்தச் செய்தி வந்த பேப்பர் கிடந்தது. நான் உற்சாகத்தில் மோல்டை ஏற்றச் சொன்னேன். மோல்டர் அண்ணன் பேப்பரைத் தள்ளிவிட்டு அதற்குக் கீழே இருந்த காலண்டரைப் பார்த்தார்.

"புதன்கிழமை ஆயுத பூஜைங்க. பிரஸ்ஸுக்குப் பொட்டு வெச்சுட்டு, வியாழக்கிழமை விஜயதசமிக்குப் போட்டுக்கலாம். இன்னைக்கு வேண்டாம்" என்று சொல்லி ஹீட்டரை அணைத்தார்.