கப்பலூரில் லாரி எண்ணிய ஏழு நாட்கள்

திருமங்கலத்தில் எங்கள் வீடு சாலையோரம்தான். ஜன்னல் கம்பியைத் துடைத்தால் துணி கறுத்துவிடும். அதனால்தான் எம்.இ. திட்டப்பணிக்கு இந்தத் தலைப்பை நானே கேட்டு வாங்கினேன்: இந்தப் பக்கம் ஓடும் கனரக லாரிகள் 2035இல் எவ்வளவு புகை விடும்?

முதல் முறை பக்கத்தில் உள்ள கப்பலூரில் காலை 6 முதல் மாலை 6 வரை மட்டும் எண்ணினேன். கணக்கு மிகவும் குறைந்து வந்தது. விருதுநகரிலும் சிவகாசியிலும் சாயங்காலம் லோடு ஏற்றுகிற வண்டி கப்பலூரைத் தாண்டும்போது இருட்டிவிடுகிறது. இந்தியச் சாலைப் பேராயத்தின் விதியும் 7 நாள், 24 மணி நேரம் எண்ணச் சொல்கிறது. நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு ஷிப்ட் போட்டு மறுபடி எண்ணினோம். இந்த முறை இரண்டு அச்சு லாரி, டாரஸ் (மூன்று அச்சு, பத்துச் சக்கர லாரி), ட்ரெய்லர் என்று தனித்தனியாகக் குறித்தோம்.

அப்புறம் கணிப்பு. மாநில உற்பத்தி 1% கூடினால் லாரி எத்தனை சதவீதம் கூடுகிறது என்று பழைய கணக்கெடுப்புகளை வைத்துப் பார்ப்பது வழக்கமான முறை. அதில்தான் சிக்கினேன். 2018 ஜூலையில் மத்திய அரசு சுமை வரம்பை உயர்த்தியது. மூன்று அச்சு லாரியின் மொத்த எடை 25 டன்னிலிருந்து 28.5 டன் ஆனது. அதே சரக்குக்கு இப்போது குறைவான வண்டி போதும். வண்டி எண்ணிக்கையை மட்டும் நீட்டிக்கொண்டு போனால் இது கணக்கில் வராது. அதனால் முதலில் டன்னைக் கணித்து, அதை வண்டிக்கு எத்தனை டன் என்று வகுத்தேன். கூடுதல் வேலைதான், ஆனால் இதுதான் சரியான வழி என்று உறுதியாக நம்புகிறேன்.

புகைக் கணக்குக்கு வேண்டிய மைலேஜ் டீக்கடையில் கிடைத்தது. டாரஸ் ஓட்டும் அண்ணன் ஒருவர் சொன்னார்: "லோடோட போனா லிட்டருக்கு நாலு கிலோமீட்டர்தான் தம்பி. காலியா வந்தா ஆறு கிடைக்கும். ரிட்டர்ன் லோடு அமையலைன்னா காலியாத்தான் திரும்பணும்." ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும். அவர் கணக்குப்படி லோடு வண்டி கிலோமீட்டருக்கு 675 கிராம், காலி வண்டி 450 கிராம். ஒரு மூட்டைகூட இல்லாமல் வருகிற வண்டியிலிருந்து 450 கிராம்! அதுவரை என் அட்டவணையில் காலி வண்டிக்குத் தனிக் கட்டமே இல்லை. அன்றிரவே போட்டேன்.

கார்பனையும் நச்சுப் புகையையும் ஒரே அட்டவணையில் போடக்கூடாது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற வாகனப் புகை விதி வந்தபோது கனரக டீசல் எஞ்சினுக்கான நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு கிலோவாட்-மணிக்கு 3.5 கிராமிலிருந்து 0.46 கிராமாக இறங்கியது. கார்பன் டை ஆக்சைடோ எரிகிற டீசலைப் பொறுத்தது. அது அப்படி இறங்கவில்லை. எனவே டிரைவர்களிடம் வண்டி எந்த வருடத்து மாடல் என்றும் கேட்டு எழுதினேன்.

தீபாவளிக்கு முன்பு சிவகாசிச் சரக்கு கூடுகிற வாரங்கள் இன்னும் என் கணக்கில் இல்லை. வருகிற செப்டம்பரில் அதே இடத்தில் மறுபடி ஏழு நாள் நிற்கப் போகிறேன்.