தப்பு நோட்டு

அரசு வேலைக்கான டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வில் கணக்குப் பகுதி 25 கேள்வி. ஒன்றுக்கு ஒன்றரை மதிப்பெண். மொத்தம் 200 கேள்வி இருக்கும் தாளில் இது எட்டில் ஒரு பங்குதான். ஆனால் போன தடவை நான் கோட்டை விட்டது இதில்தான்.

அதற்கு முன் ஆறு மாதம் யூடியூபில் ஷார்ட்கட் வீடியோவாகப் பார்த்துத் தள்ளியிருந்தேன். பார்க்கும்போது எல்லாம் புரிந்த மாதிரியே இருக்கும். ஹாலில் உட்கார்ந்தால் எந்தக் கணக்குக்கு எந்த ஷார்ட்கட் என்பதே மறந்துவிடும்.

இந்த முறை வீடியோவை விட்டுவிட்டு, பையனுடைய ஏழாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்தேன். வட்டத்தின் பரப்பளவும் தனிவட்டியும் அதிலேயே இருக்கின்றன. கூட்டுவட்டி, காலமும் வேலையும் எட்டாம் வகுப்பில். வெட்கமாகத்தான் இருந்தது. பிள்ளைகள் தூங்கியபின் அடுக்களை மேடையில் வைத்துப் போட்டேன்.

கூடவே ஒரு நாற்பது பக்க நோட்டு. பழைய வினாத்தாளை நேரம் வைத்துப் போடுவது, தப்பான கணக்கை மட்டும் அதில் எழுதுவது, பக்கத்தில் ஏன் தப்பு என்று ஒரே வரி. சரியாக வந்ததைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை.

முதல் பக்கமே என் மூக்கை உடைத்தது. வட்டத்தின் விட்டம் 14 செ.மீ., பரப்பளவு என்ன? நான் 616 என்று எழுதியிருந்தேன். விட்டத்தை ஆரமாக எடுத்தால் வருவது அது. ஆரம் 7, விடை 154. நான்கு விடைகளில் 616-ம் இருந்தது! கேள்வி எடுப்பவருக்கு நம்மை நன்றாகத் தெரியும். இன்னொன்று, விலையை 20 சதவீதம் ஏற்றி அப்புறம் 20 சதவீதம் குறைத்தால்? பழைய விலைதானே என்று எழுதிவிட்டேன். 100 ரூபாய் 120 ஆகி, 120-ல் 24 போய் 96-ல் நிற்கும்.

ஒரு மாதம் கழித்து எண்ணினேன். 31 தப்பு. சூத்திரம் தெரியாமல் விட்டது ஆறே ஆறு. மிச்சமெல்லாம் கேள்வியை அரைகுறையாகப் படித்தது, இல்லையென்றால் கூட்டலில் சறுக்கியது. சூத்திரத்தையே மனப்பாடம் செய்துகொண்டிருந்தால் இந்த 25 தப்பும் அப்படியேதான் இருந்திருக்கும். இப்போது என்ன கேட்கிறார்கள் என்ற சொல்லுக்கு அடியில் கோடு போட்டுவிட்டுத்தான் கணக்கைத் தொடுகிறேன்.

ஷார்ட்கட்டே வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டை வைத்திருக்கிறேன். ஒரு வேலையை முடிக்க ஒருவருக்கு 10 நாள், மற்றவருக்கு 15 நாள் என்றால் இரண்டின் மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) 30-ஐ மொத்த வேலையாக வைத்துக்கொள்வேன். நாளுக்கு 3, 2. சேர்ந்து 5, ஆக 6 நாள். பின்னமே வராது. இரண்டு ஆண்டுக்குக் கூட்டுவட்டிக்கும் தனிவட்டிக்கும் உள்ள வித்தியாசம், முதல் ஆண்டு வட்டிக்கான ஒரு வருட வட்டிதான். 8000 ரூபாய்க்கு 5 சதவீதம் 400, அந்த 400-க்கு 5 சதவீதம் 20. காரணம் புரிந்ததால் இவை இரண்டும் மறக்கவில்லை.

பகடைக் கணக்கு மட்டும் இன்னும் வரவில்லை. சோப்பு அட்டைப்பெட்டியை வெட்டிப் புள்ளி வைத்து உருட்டிப் பார்க்கிறேன்.

நேற்று பையன் பையைத் துழாவிக்கொண்டே, "அம்மா, நாளைக்குக் கணக்கு டெஸ்ட், புத்தகத்தைக் கொடு" என்றான். விட்டம் என்று வரும் இடமெல்லாம் சிவப்பு மையில் சுழித்து வைத்திருக்கிறேன். டீச்சர் கேட்டால் என்ன சொல்லப்போகிறானோ.