கம்பெனி கட்டிய ஃபீஸுக்கு எஜுகேஷன் கிரெடிட் வாங்கிய கதை

"கம்பெனிதான் ஃபீஸ் கட்டுதே, அப்புறம் உங்களுக்கு எதுக்கு கிரெடிட்?" போன டாக்ஸ் சீசன் முழுக்க எனக்கு இதே கேள்விதான். பேரோலில் (சம்பளப் பிரிவில்) கேட்டார்கள், வரிக் கணக்கு (ரிட்டர்ன்) போடும் கடையில் கேட்டார்கள், ஆபீஸில் மதியம் சாப்பிட உட்கார்ந்தால் நண்பர்களும் கேட்டார்கள். கடைசியில், படிப்புச் செலவுக்காக வரியில் கழித்துத் தரும் எஜுகேஷன் கிரெடிட்டாக 1,600 டாலர் வந்து சேர்ந்தது. வந்த பிறகும் ஆத்திரம் அடங்காததால் இதை எழுதுகிறேன். அமெரிக்காவில் வேலை பார்த்துக்கொண்டே பார்ட் டைமில் எம்.எஸ். படிக்கும் நம்மவர்கள் நிறையப் பேர் இந்தப் பணத்தைக் கேட்காமலேயே விட்டுவிடுகிறார்கள்.

என் கணக்கு இதுதான். 2024-இல் என் ஃபீஸ் 13,250 டாலர். கம்பெனி அதை நேராகப் பல்கலைக்கழகத்துக்கே கட்டிவிட்டது. முதலாளி கொடுக்கும் படிப்பு உதவியில் வருஷத்துக்கு 5,250 டாலருக்கு வரி கிடையாது. வரிச் சட்டத்தின் 127-ஆம் பிரிவு அது. அதற்கு மேல் போகும் ஒவ்வொரு டாலரும் சம்பளக் கணக்கில் சேரும். ஆக, எனக்கு 8,000 டாலர் கூடுதல் சம்பளம், காகிதத்தில் மட்டும்.

இதை மாதாமாதம் பிரித்துப் பிடித்திருந்தால் வலி தெரிந்திருக்காது. டிசம்பரில் மொத்தமாகப் பிடித்தார்கள். பே ஸ்டப்பை (சம்பளச் சீட்டை) திறந்தால் வருமானப் பக்கத்தில் 'ட்யூஷன் டாக்ஸபிள்' என்று 8,000; பிடித்தம் பக்கத்தில் அதே பெயரில் அதே 8,000. பணம் ஒரு பக்கம் உள்ளே வந்து மறுபக்கம் வெளியே போய்விட்டது, வரி மட்டும் நடுவில் நின்றுகொண்டது. ஃபெடரல் (மத்திய அரசு) வரி 22 சதவீதம் என்று 1,760, ஓய்வூதியத்துக்கும் முதுமை மருத்துவத்துக்கும் பிடிக்கும் சோஷியல் செக்யூரிட்டியும் மெடிகேரும் சேர்ந்து 612. ஆகமொத்தம் 2,372 டாலர் போச்சு. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு டிக்கெட் போட்டிருந்த மாதம் வேறு.

அப்போதுதான் ஒரு விஷயம் உறைத்தது. இந்த 8,000-க்கு நான் வரி கட்டியாகிவிட்டது என்றால் அது என் பணம். என் சம்பளத்தை வாங்கி நானே ஃபீஸ் கட்டியதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அமெரிக்க வரித் துறையான ஐ.ஆர்.எஸ்.ஸின் 970-ஆம் வெளியீட்டை, அதாவது படிப்புக்கான வரிச் சலுகைகள் பற்றிய கையேட்டை, எடுத்துப் படித்தேன். அதில் தெளிவாகவே இருக்கிறது: முதலாளி கொடுத்ததில் வரியில்லாத பகுதியை வைத்துத்தான் கிரெடிட் கேட்கக் கூடாது. வரி கட்டிய பகுதிக்கு அந்தத் தடை இல்லை. லைஃப்டைம் லேர்னிங் கிரெடிட் என்பது முதல் 10,000 டாலர் செலவில் 20 சதவீதம். 8,000-க்கு 1,600. பிடித்ததில் பெரும்பகுதி திரும்பி வரும்.

சட்டம் சரி, காகிதம்தான் வம்பு செய்தது. ஜனவரி கடைசியில் பல்கலைக்கழகம் 1098-டி என்ற ஃபீஸ் கணக்குப் படிவத்தை அனுப்பியது. பாக்ஸ் 1-இல் 13,250, அதாவது வந்த ஃபீஸ். பாக்ஸ் 5-இலும் 13,250, அதாவது ஸ்காலர்ஷிப்! கம்பெனி கட்டிய பணத்தை மூன்றாம் நபர் கொடுத்த உதவி என்று மொத்தமாக ஸ்காலர்ஷிப் கட்டத்தில் போட்டுவிட்டார்கள். மென்பொருளில் அப்படியே ஏற்றினால் ஒன்றிலிருந்து ஐந்தைக் கழித்துவிட்டு 'உங்களுக்குத் தகுதியான செலவு பூஜ்யம்' என்று சொல்லிவிடும்.

ஃபீஸ் ஆபீஸுக்கு ஃபோன் போட்டேன். காத்திருப்பு இசை எனக்கு மனப்பாடம் ஆன பிறகு ஒரு அம்மா எடுத்தார். நான் முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள், "நாங்கள் டாக்ஸ் ஆலோசனை சொல்வதில்லை." ஆலோசனை வேண்டாம்மா, பாக்ஸ் 5-இல் ஏன் இப்படிப் போட்டீர்கள் என்றுதான் கேட்கிறேன் என்றால், அதற்கும் அதே வாக்கியம். ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: 1098-டியைத் திருத்தித் தரச் சொல்லி யாரும் அலையாதீர்கள். தரமாட்டார்கள், தேவையும் இல்லை. அது பல்கலைக்கழகத்தின் கணக்கு. நம் ரிட்டர்னில் போட வேண்டியது நம் கணக்கு. அதற்கு ஆதாரம் மட்டும் கையில் இருக்க வேண்டும்.

அந்த ஆதாரத்துக்குத்தான் அடுத்த அலைச்சல். கம்பெனி தரும் வருஷச் சம்பளப் படிவமான டபிள்யூ-2-வில் இந்த 8,000 தனியாகத் தெரியாது. பாக்ஸ் 1-இல் சம்பளத்தோடு கலந்துவிடும். சில கம்பெனிகள் பாக்ஸ் 14-இல் குறிப்பிடுவார்கள். என்னுடையதில் அது வெறுமையாக இருந்தது. பேரோலுக்குக் கோரிக்கை (டிக்கெட்) போட்டு, எவ்வளவு வரிக்கு உட்பட்டது என்று ஒரு கடிதம் கேட்டேன். "எல்லாம் பாக்ஸ் 1-இல் இருக்கிறது" என்று ஒரு வரி எழுதி டிக்கெட்டை மூடிவிட்டார்கள். மறுபடி திறந்தேன், மறுபடி மூடினார்கள். கடைசியில் ஹெச்.ஆரில் படிப்பு உதவித் திட்டத்தைப் பார்க்கும் பிரிவுக்கு எழுதினேன். இந்த முறை 'கடிதம்' என்ற பேச்சையே எடுக்கவில்லை, வருஷக் கணக்கு ஸ்டேட்மென்ட் வேண்டும் என்று கேட்டேன். மறுநாளே வந்தது: மொத்தம் 13,250, வரியில்லாதது 5,250, வரிக்கு உட்பட்டது 8,000. இதை எழுத ஒரு ஆளுக்கு எத்தனை நேரம் ஆகியிருக்கும்! அந்த மெயிலையும் டிசம்பர் பே ஸ்டப்பையும் உடனே பி.டி.எஃப். ஆக்கி வைத்துக்கொண்டேன். வேலை மாறினால் பேரோல் தளத்துக்குள் நுழைய முடியாமல் போகலாம், அதனால் நீங்களும் அன்றைக்கே இறக்கிவிடுங்கள்.

இவ்வளவையும் எடுத்துக்கொண்டு எப்போதும் ரிட்டர்ன் போடும் கடைக்குப் போனேன். நம்மூர்க்காரர்தான். பாக்ஸ் 5-ஐப் பார்த்ததும் பேனாவை மூடிவிட்டார். "தம்பி, ஐ.ஆர்.எஸ். லெட்டர் போட்டா யார் பதில் சொல்றது? விட்டுடுங்க." 970-ஐக் காட்டினேன். "அதெல்லாம் இருக்கும்" என்றார். அதோடு எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டில் உட்கார்ந்து நானே போட்டேன். நான் வாங்கிய மென்பொருளில் 'இந்த ஸ்காலர்ஷிப்பில் ஏற்கெனவே வருமானமாகக் காட்டிய தொகை உண்டா' என்று ஒரு கேள்வி இரண்டு திரைகள் தள்ளி ஒளிந்திருந்தது. அதில் 8,000 போட்டதும் கிரெடிட் கேட்கும் 8863 படிவம் தானாக நிரம்பியது. மூன்றாம் பகுதியில் 31-ஆம் வரியில் 8,000 வந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கிரெடிட் 1,600. தாக்கல் செய்து ரீஃபண்டும் வந்தது. கடிதம் எதுவும் வரவில்லை. வந்தாலும் காட்ட பி.டி.எஃப். இருக்கிறது.

போடுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை சில உண்டு. மனைவியோடு சேர்ந்து ஜாயின்டாகப் போட்டால் வருமானம் 1,60,000 டாலரைத் தாண்டியதும் கிரெடிட் தேய ஆரம்பித்து 1,80,000-இல் மறைந்துவிடும். தனி ஆளுக்கு 80,000-இல் தேய ஆரம்பித்து 90,000-இல் முடிந்துவிடும். கம்பெனி சேர்த்த அந்த 8,000-உம் இந்த வருமானத்தில் சேரும், மறந்துவிடாதீர்கள். கணவன் மனைவி தனித்தனியாகப் போட்டால் சுத்தமாகக் கிடையாது. வருஷத்தில் கொஞ்ச காலம் நான்-ரெசிடென்டாக (வரிக் கணக்கில் அமெரிக்காவில் வசிப்பவராகக் கருதப்படாதவராக) இருந்தவர்களுக்கும் கிடையாது. கணவன் மனைவியில் ஒருவர் குடிமகனாகவோ ரெசிடென்டாகவோ இருந்து இருவரும் ரெசிடென்டாகவே ஜாயின்டில் போடத் தேர்ந்தெடுத்தால் மட்டும் வழி உண்டு. 2,500 டாலர் வரை தரும் அமெரிக்கன் ஆப்பர்சூனிட்டி கிரெடிட் முதல் நான்கு வருஷக் கல்லூரிப் படிப்புக்கு. ஊரில் பி.இ. முடித்துவிட்டு இங்கே மாஸ்டர்ஸ் படிப்பவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

முதலில் நாம் கட்டி, கிரேடு வந்த பிறகு கம்பெனி திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடு என்றால் இன்னும் கவனம் வேண்டும். என் டீமில் ஒருவர் அப்படித்தான். ஆகஸ்டில் கட்டினார், கம்பெனிப் பணம் பிப்ரவரியில் வந்தது. போன வருஷம் கைக்காசு போட்டதுதானே என்று முழுத் தொகைக்கும் கிரெடிட் கேட்கப் பார்த்தார். கூடாது. ரிட்டர்ன் போடுவதற்கு முன் வரியில்லாமல் வந்த பணத்தைச் செலவிலிருந்து கழித்துவிட்டுத்தான் கேட்க வேண்டும். போட்ட பிறகு வந்தால், அதிகமாக வாங்கிய கிரெடிட்டை அடுத்த ரிட்டர்னில் வரியாகத் திருப்பிக் கட்ட வேண்டிவரும்.

இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு, எனக்குத்தான் வாய்க்கவில்லை. இப்போது பார்க்கும் வேலைக்கான திறமையை வளர்க்கும் படிப்புதான் என்று கம்பெனி ஏற்றுக்கொண்டால் 5,250-க்கு மேல் போனதற்கும் வரி பிடிக்காமல் விடலாம். அந்தத் தொகைக்கு அப்போது கிரெடிட் கிடையாது, ஆனால் 1,600-க்காக மல்லுக்கட்டுவதைவிட 2,372 பிடிக்கப்படாமலே இருப்பது மேல். சேருவதற்கு முன்பே ஹெச்.ஆரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். என் கம்பெனியில் அப்படி ஒரு வழக்கமே இல்லை என்று கைவிரித்துவிட்டார்கள்.

பழைய வருஷங்களில் விட்டுப்போனவர்கள் 1040-எக்ஸ் என்ற திருத்த ரிட்டர்ன் போட்டுக் கேட்கலாம், பொதுவாக மூன்று வருஷம் வரை அவகாசம் உண்டு. நான் இந்த முறை கோர்ஸ்களையே மாற்றிப் போட்டுவிட்டேன். வருஷக் கடைசியில் வரும் ஃபால் பருவத்தில் எடுக்க இருந்த ஒன்றை அடுத்த வருஷ ஸ்பிரிங் பருவத்துக்குத் தள்ளியிருக்கிறேன். கம்பெனி அதற்கு ஜனவரியில் பணம் கட்டினால் அது புது வருஷத்து 5,250-இல் அடங்கிவிடும். ஸ்பிரிங் பில்லை டிசம்பரிலேயே கட்டிவிட வேண்டாம் என்று இந்த முறை ஹெச்.ஆரிடம் முன்கூட்டியே மெயிலில் எழுதி வாங்கிவிட்டேன்.