ஒரே படகை நாள்தோறும் வரைந்தபோது

1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியின் நுழைவுத் தேர்வில் முதல்முறை தவறிய பிறகு, ஏறக்குறைய ஐந்து வாரங்கள் என்னால் ஒரு கோடுகூட இழுக்க முடியவில்லை. அட்டையில் தாளைக் கிளிப் போட்டு வைத்துக்கொண்டு அமர்வேன். மனத்தில் முழு ஓவியமும் தெரிவதுபோல் இருக்கும். பென்சில் தாளைத் தொட்டதும் அது கலைந்துவிடும். இந்த ஆண்டு தேர்வுக்குத் தயாராகும் தம்பி, தங்கைகள் சிலரும் இதே நிலையைச் சொல்வதால், நான் மீண்ட விதத்தை எழுதுகிறேன்.

என் கை முடங்கியதற்குத் திறமைக் குறைவே காரணம் என்று அப்போது நம்பினேன். உண்மையில், அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளும் நான் நிழற்படங்களைப் பார்த்து மட்டுமே பழகியிருந்தேன். எதைச் சட்டத்துக்குள் கொண்டுவருவது, எதை விடுவது என்பதை நிழற்படத்தில் கேமராவே முடிவு செய்துவிடுகிறது. அந்த முடிவுகளை நானே எடுக்கவேண்டிய தேர்வு அறையில் திகைத்துப்போனேன். அந்தத் திகைப்புதான் வீட்டுக்கும் என்னோடு வந்துவிட்டது.

அது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாமல் காசிமேடு துறைமுகத்தில் நெருக்கியடித்துக் கட்டிக்கிடக்கும். பழுதுபார்ப்பதும் வண்ணம் பூசுவதும் அப்போதுதான் நடக்கும். தினமும் காலை ஆறு மணிக்கு அதே இடத்தில் அமர்ந்து, அதே படகை இருபது நிமிடம் மட்டும் வரைவதென்று வைத்துக்கொண்டேன். ஒரு வாரத்தில் சலித்துவிட்டது. பக்கத்தில் வலையைச் சீர்செய்துகொண்டிருந்த பெரியவர் எட்டிப் பார்த்து, “இன்னா தம்பி, நேத்து வரைஞ்சதையே வரைஞ்சி வச்சிக்கிற? என்ஜின எறக்கிட்டாங்க, பின்னாடி எவ்ளோ தூக்கினு நிக்குது பாரு” என்றார். படகின் பின்பகுதி நீரைவிட்டு நன்றாகவே எழும்பியிருந்தது. என் தாளிலோ முந்தைய நாளின் படகுதான் இருந்தது.

அன்றிலிருந்து முதல் மூன்று நிமிடங்களில் எதையும் வரைவதில்லை. கையை நீட்டிப் பென்சிலைப் பிடித்து, நீர்க்கோட்டுக்கும் படகின் விளிம்புக்கும் இடையிலான சாய்வை அளப்பேன்; பிறகு கண்ணைப் பாதி மூடி, நிழல் எங்கே ஒரே திரளாகச் சேர்கிறது என்று பார்ப்பேன். வெள்ளைத் தாளைக் கண்டு கை நடுங்குபவர்கள் முந்தைய இரவே அதன்மீது பர்ன்ட் சியன்னா என்னும் செம்பழுப்பு வண்ணத்தை நீர்க்கக் கரைத்துப் பூசிவிடுவது நல்லது. கடற்காற்றின் ஈரத்தில் வாட்டர் கலர் மெதுவாகத்தான் காயும். வண்ணமும் இரண்டு போதும். பர்ன்ட் சியன்னாவுடன் அல்ட்ராமரைன் நீலத்தைக் கலந்தால், நீலம் கூடும்போது குளிர்ந்த சாம்பலும், சியன்னா கூடும்போது வெதுவெதுப்பான சாம்பலும் கிடைக்கும். எந்த வண்ணத்தை எடுப்பது என்ற தடுமாற்றம் அங்கேயே தீர்ந்துவிடும். ஊக்கம் வரட்டும் என்று காத்திருப்பதில் எனக்குச் சிறிதும் நம்பிக்கை இல்லை. காத்திருந்த அந்த ஐந்து வாரங்களில் அது ஒரு நாளும் வரவில்லை. நன்றாக வராத தாள்களைக் கிழிக்காமல், பின்பக்கம் தேதி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் முறை தேர்வு அறையில் ஒரு செம்பும், அதனடியில் மடிந்து கிடந்த துணியும் வைத்திருந்தார்கள். மற்றவர்கள் வரையத் தொடங்கிய பிறகும் நான் பென்சிலை நீட்டி, துணியின் மடிப்பு செம்பின் அடியைத் தொடும் இடத்தை அளந்துகொண்டிருந்தேன்.