ஆட்டம் காட்டிய கிம்பல்

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. கிளம்பும் நாளில் வானம் தெளிவாக இருந்தால், சென்னையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்தே அது தெரியும். அதன் இரண்டாம் கட்டத்தில் விகாஸ் எஞ்சினே சாய்ந்து ராக்கெட்டைத் திருப்புகிறது. திட எரிபொருள் கொண்ட முதல் கட்டத்திலோ, வாயு வெளியேறும் கூம்பான நாசிலுக்குள் பக்கவாட்டில் ஸ்ட்ரான்ஷியம் பெர்குளோரேட் கரைசலைப் பீய்ச்சி வாயுவின் போக்கை மாற்றுகிறார்கள். நான் செய்யும் சிறிய மாதிரி ராக்கெட்டின் மோட்டாரும் திட எரிபொருள்தான் என்றாலும், கரைசலுக்கும் தொட்டிக்கும் அதில் இடமேது? ஆகவே மோட்டாரையே இரண்டு வளையங்களுக்குள் பொருத்தி, இரண்டு சர்வோக்களால் (சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் சிறு மின்மோட்டார்கள்) ஐந்து டிகிரி வரை எப்பக்கமும் சாய்க்கும் கிம்பல் ஒன்றைச் சில மாதங்களாக வடிவமைத்து வருகிறேன்.

கணக்கிற்கு எடுத்துக்கொண்டது 29 மி.மீ. விட்டமுள்ள, சராசரியாக 15 நியூட்டன் உந்துவிசை தரும் மோட்டார். விமானங்கள் தலைக்கு மேலே இறங்கும் ஊரில், உரிய அனுமதியின்றி அதைக் கொளுத்தும் எண்ணம் எனக்கில்லை; அதே அளவுள்ள குழாயில் ஒன்றரைக் கிலோ எடையைக் கட்டித் தொங்கவிட்டே சோதிக்கிறேன். ஈர்ப்பு மையம் கிம்பலுக்கு 30 செ.மீ. மேலே இருக்குமானால், ஐந்து டிகிரி சாய்வில் கிடைக்கும் திருப்புவிசை 0.39 நியூட்டன் மீட்டர்.

முதல் மாதிரியில் சர்வோ சொன்னபடி கேட்டது, குழாய் கேட்கவில்லை. குழாயில் ஒரு லேசர் விளக்கை ஒட்டி, மூன்று மீட்டர் தள்ளியிருந்த சுவரில் புள்ளியைக் குறித்துக்கொண்டு, சர்வோவை அசையாமல் நிறுத்திவிட்டு விரலால் குழாயைத் தொட்டேன்; புள்ளி ஆறு செ.மீ. நகர்ந்தது. அந்தத் தூரத்தில் ஒரு டிகிரி என்பது ஐந்தேகால் செ.மீ. ஆகும். மொத்தமே ஐந்து டிகிரி சாயும் பொருளில் ஒரு டிகிரிக்கு மேல் ஆட்டம் இருந்தால், எவ்வளவு நேர்த்தியான நிரல் எழுதினாலும் ராக்கெட் தள்ளாடிக்கொண்டேதான் போகும். (சுவரில் விழுந்த பென்சில் கோடுகளுக்காக அம்மாவிடம் வாங்கிக்கட்டிக்கொண்டது தனிக்கதை.)

சர்வோவின் பல்சக்கரங்கள்தாம் குற்றவாளி என்று நினைத்து இரண்டு வாரங்களை வீணடித்தேன். சர்வோ கை 8 மி.மீ., கிம்பலில் கம்பி பிடிக்கும் இடம் அச்சிலிருந்து 40 மி.மீ. என வைத்திருந்ததால், சர்வோவின் ஆட்டம் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தே மோட்டாருக்கு வந்து சேரும் என்பது அப்போது உறைக்கவில்லை. உண்மையான கோளாறு, முப்பரிமாண பிரிண்டரில் பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக்கால் எடுத்த வளையத்தில் நான் கையால் போட்ட 3 மி.மீ. அச்சுத் துளையில் இருந்தது. அம்பத்தூரில் லேத் பட்டறை வைத்திருக்கும் பெரியவர் அதை விரலால் ஆட்டிப் பார்த்துவிட்டு, "ப்ளே இங்கதான் தம்பி இருக்கு, நட்டை முறுக்கினா டைட்டாகும், ஆட்டம் போகாது" என்றார்.

இப்போது இரு அச்சுகளிலும் 3 மி.மீ. துளையுள்ள சிறிய பேரிங்குகள், நடுவில் எஃகு திருகு. மாடி வெயிலில் ஒருமுறை வளைந்துபோன பி.எல்.ஏ.வைக் கைவிட்டு, வளையங்களை அதைவிட வெப்பம் தாங்கும் பி.இ.டி.ஜி. பிளாஸ்டிக்கில் எடுத்தேன். கம்பியின் முனைகளில் மிஞ்சிய ஆட்டத்தை, பால்பாயிண்ட் பேனாவின் ஸ்பிரிங் ஒரே பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. சுவரில் புள்ளி நகர்வது ஒரு செ.மீ.க்குள் வந்துவிட்டது. உள்வளையம் முழுதாகச் சாயும்போது சர்வோவின் வயர் விறைத்து அதைத் திருப்பித் தள்ளுவதால், அடுத்து அந்த வயரை அச்சின் ஓரமாகத் தளர்வாகக் கொண்டுபோக வேண்டும்.